இரண்டாவது முள்

தம்பிக்கு,

புளியோதரைப் பொட்டலத்துக்கு அடியில் இந்த உறையை வைத்திருக்கிறேன். உறையின் மேல் "மதுரா கே பாத்" என்று ஹிந்தியில் எழுதியிருக்கிறேன், மதுரா தாண்டிய பிறகுதான் பிரிக்க வேண்டும். அதையும் தமிழில் எழுதியிருந்தால் பொட்டலக் காகிதம் என்று கசக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பாய். உள்ளே முழுக்கத் தமிழ்தான். உனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோல் மார்க்கெட் பக்கம் தமிழ் வகுப்புக்கு அனுப்பி வைத்தால், பாதி நாள் வாசலிலேயே கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தவன்தானே நீ. அது இன்றைக்கு எனக்கு உபகாரமாகப் போயிற்று. முதல் பக்கத்தை நீ முடிப்பதற்குள் ஆக்ரா வந்துவிடும். ஆத்திரத்தில் இறங்கித் திரும்பி வரலாமா என்று உனக்குத் தோன்றப் போகிற இடம் ஒன்று பின்னால் வருகிறது, அதற்குள் வண்டி ஜான்சியைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வேன். எட்டு வருஷமாக அப்படித்தான் மூடிக்கொண்டிருக்கிறேன்.

நீ எதற்காகக் கொச்சிக்குப் போகிறாய்? "வேண்டாம்" என்று சொல்வதற்காக. உலகத்தில் ரெண்டு ராத்திரி ரயிலில் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறவன் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய். பகலெல்லாம் ஆபீசில் டைப் அடித்துவிட்டு, மாலையில் டீசல் மெக்கானிக் படிப்பு படித்து, கையெல்லாம் கிரீஸ் நாற்றத்தோடு வந்து சாப்பிட்டவன் நீ. மீன்வளம் ஆராய்கிற கப்பலில் இன்ஜின் அறையில் வேலை என்று கடிதம் வந்த அன்றைக்கு, அதை நாலாக மடித்து உன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று நாள் என்னிடம் சொல்லவில்லை. நாலாம் நாள் சொன்னபோதும், "நான் போகல மா, கேன்சல் பண்ணிரலாம்" என்றுதான் ஆரம்பித்தாய். காரணம் எனக்குத் தெரியும். போன மாதம் நான் ரிட்டயர் ஆனேன். சரோஜினி நகரில் இருக்கும் இந்த ஒன்றரை அறை சர்க்கார் குவார்ட்டர்ஸை நான் காலி செய்ய வேண்டும். ஆனால் பிள்ளையும் சர்க்கார் வேலையில் இருந்து, மூன்று வருஷம் வீட்டு வாடகைப் படி வாங்காமல் பெற்றவளோடு இதே வீட்டில் இருந்திருந்தால், அதே வீடு அவன் பெயருக்கு மாறும். அதற்கு ஒரு படிவம், அதில் என் கையெழுத்து. நீ டில்லியை விட்டுப் போனால் அந்தப் படிவம் வெறும் காகிதம். அதனால் உனக்குக் கப்பல் வேண்டாம், எனக்குக் கூரை வேண்டும். நல்ல பிள்ளை என்று காலனி முழுக்க உன்னைப் பற்றிப் பேச்சு. கேட்கும்போதெல்லாம் அங்கிருந்து எழுந்து போய்விடுவேன். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் அந்த மீனில் ஆரம்பித்தது. எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், பிரகதி மைதானத்தில் ஒரு கண்காட்சி நடந்தது ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பாவை ஆபீசிலிருந்து அங்கே டெபுடேஷனில் போட்டிருந்தார்கள். ஒரு அரங்கத்தில் கடல் மீன்களைத் தொட்டிகளில் வைத்துக் காட்டினார்கள். டில்லி ஜனங்கள் கடலைப் பார்த்ததில்லை அல்லவா, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கூட்டம் அலைமோதியது. கண்காட்சி முடிந்தது. மேஜை நாற்காலியைத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்தது, மீனைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்ததும் ஒரே ஒரு மீன்தான். மற்றதையெல்லாம் இதுவே ஒவ்வொன்றாகக் கடித்துக் குதறித் தீர்த்துவிட்டிருந்தது. உன் அப்பாவுக்கு யாரும் கேட்பாரற்றுக் கிடக்கிற பொருளைக் கண்டால் மனசு பொறுக்காது. தொட்டி, மோட்டார், மீன் எல்லாவற்றையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். நாலு தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீட்டில் மாமிசம் தின்கிற மீன். கையகலம், சப்பட்டை, முரட்டுத் தோல், கண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் முதுகுப் பக்கம் தள்ளி இருந்தது. வாய் சின்னது, உள்ளே எலிப்பல். அந்தக் கண்கள் ரெண்டும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று உன்னைப் பார்க்கும்போது இன்னொன்று என்னைப் பார்க்கும்.

முதல் நாள் காலையில் நான் அலறியது உனக்கு நினைவிருக்கும். மீன் ஒருக்களித்துத் தரையில் படுத்துக் கிடந்தது. "போச்சு, செத்துப்போச்சு" என்று நான் கத்த, உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அது அப்படித்தான் தூங்குமாம், மனுஷன் மாதிரி பக்கவாட்டில். ரெண்டு நாளில் அது தன் குணத்தைக் காட்டியது. தொட்டியில் இருந்த கல்லையெல்லாம் வாயால் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தது. குளிருக்காகப் போட்டிருந்த ஹீட்டர் வயரைக் கடித்தது. தீனி போடப் போன என் சுண்டு விரலில் ஒரு துண்டு சதையை எடுத்துக்கொண்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. கல்லைப் புரட்டித் தொட்டியை உடைத்துவிடுமோ என்று பயந்து, உன் அப்பா ஒரு பெரிய பொந்துள்ள பவளக்கல்லைத் தொட்டியின் அடியில் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து அதுதான் அதன் வீடு. யாராவது புதிதாக அறைக்குள் வந்தால் பொந்துக்குள் புகுந்துகொள்ளும். நாம் மட்டும் இருந்தால் வெளியே வந்து கண்ணாடி ஓரம் நிற்கும். நான் ஆபீஸ் விட்டு வந்தால் மேலே வந்து தண்ணீரைத் துப்பும். என்னை வரவேற்க இந்த வீட்டில் அந்த ஒரு ஜீவன்தான் எழுந்து வரும் என்று உன்னைக் குத்திக் காட்டியிருக்கிறேன்.

அந்த மீனை நாம் வளர்த்தோம் என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். அது நம்மைக் கட்டிப் போட்டது என்பதுதான் உண்மை. புகை மோட்டார் வழியாகத் தண்ணீருக்குள் போகும் என்று வீட்டில் ஊதுபத்தி கிடையாது, சாம்பிராணி கிடையாது, தாளிக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்த வேண்டும். கொசு மருந்து அடிக்க மலேரியாக்காரர்கள் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். அதனால் காலனியிலேயே அதிகக் கொசு நம் வீட்டில்தான். ஜூன் மாத வெயிலில் இருந்த ஒரே கூலரும் தொட்டிப் பக்கம் திரும்பி நிற்கும். நீயும் நானும் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுப்போம். கடல் தண்ணீருக்கு என்ன செய்வது? சர்க்கார் செலவில் ஊருக்குப் போய்வர எல்.டி.சி. எடுக்கிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திடமும் காலி கேனைக் கொடுத்து, "மெரினாவுல கொஞ்சம் உள்ள தள்ளிப் போயி மொண்டு வாங்க" என்று கெஞ்ச வேண்டும். திரும்பி வருகிற அன்றைக்கு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். மாடி வீட்டு மாமி ஆடி அமாவாசைக்கு அதில் ஒரு சொம்பு கேட்டு வாங்கித் தலையில் தெளித்துக்கொள்வாள். டில்லியில் உட்கார்ந்தபடியே சமுத்திர ஸ்நானம். எல்லோரும் கடலுக்குப் போய் வந்தார்கள். நாம் மட்டும் போகவில்லை. மீனை யாரிடம் விட்டுப் போவது? ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட நீயும் நானும் சேர்ந்து நிஜாமுத்தீன் ஸ்டேஷனைத் தாண்டியதில்லை.

மீன் வந்து ஒரு வருஷம் ஆவதற்குள், பஸ்ஸுக்காக வரிசையில் நின்றிருந்த உன் அப்பா நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டார். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஊருக்கு வந்துவிடு என்று என் தம்பி எழுதினான். போயிருந்தால் அவன் வீட்டு அடுப்படியில் ஒரு மூலை கிடைத்திருக்கும், காலம் முழுக்க அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்து நடந்திருக்க வேண்டும். கருணை அடிப்படையில் உன் அப்பாவின் ஆபீசிலேயே தபால் பதிவு செய்கிற வேலை கொடுத்தார்கள். வேலை இருந்ததால் குவார்ட்டர்ஸும் நிலைத்தது. அன்றைக்குப் பிடித்தேன் இந்த வீட்டை. இதுவும் போனால் நடுத்தெருதான் என்கிற பயம், ஒன்பது வருஷமாக என்னை விடவில்லை. பயம் என்று யாரிடமும் சொன்னதில்லை. "என் வீடு, என் பிள்ளை, அவுக அப்பா விட்டுட்டுப் போன மீனு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இப்போது அந்தோணியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவள்தான். ஆனால் வந்த முதல் நாளே தொட்டியைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அக்கா, இது கிளாத்தி மீனுல்லா! இதப் போயா டில்லியில வச்சுச் சோறு போடுதீய? எங்க ஊர்ல வலையில கெடந்தா அப்பிடியே தூக்கிக் கடாசிருவாவ" என்றாள். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள். கொத்தனார் வேலைக்கு வந்த புருஷனோடு டில்லிக்கு வந்து ஜுக்கிக் குடிசையில் குடியிருந்தாள். அதற்குப் பிறகு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறாலும் சிப்பியும் வாங்கி வருவது, உரிப்பது, போடுவது எல்லாம் அவள் கைக்குப் போயிற்று. எனக்கு அந்த நாற்றத்திலிருந்து விமோசனம்.

ஒரு நாள் நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு தொட்டியின் இரும்புச் சட்டம் துருவேறி, ஒரு மூலையில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. அடைக்க வேண்டுமானால் தண்ணீரை இறக்க வேண்டும், மீனை வாளிக்கு மாற்ற வேண்டும். அது பொந்துக்குள் போய் ஒட்டிக்கொண்டது. வாலைப் பிடித்து இழுத்தேன். கல்லோடு கல்லாக நின்றது. அந்தோணியம்மாள் என் கையைத் தட்டிவிட்டாள். "இழுக்காதீய அக்கா. இழுக்க இழுக்கத்தான் பூட்டிக்கிடும். முதுகுல பெரிய முள்ளு நட்டமா நிக்கி பாத்தீயளா? அத எட்டு ஆம்பள அமுக்குனாலும் மடங்காது. அதுக்குப் பின்னால குட்டியா ஒண்ணு இருக்கும், தடவிப் பாருங்க. அத மட்டும் லேசா அமுக்குங்க" என்றாள். நான் பயந்துகொண்டே கையை விட்டுத் தடவினேன். அந்தச் சின்ன முள் விரல் நுனியில் தட்டுப்பட்டது. அழுத்தினேன். பெரிய முள் தானாகப் படுத்துவிட்டது. அவ்வளவு நேரம் முரண்டு பிடித்த மீன் ஒரு சத்தமும் இல்லாமல் என் உள்ளங்கைக்கு வந்தது. "கெட்ட மீனு இல்ல அக்கா. பயத்துலதான் பூட்டுது" என்றாள் அவள். உன்னிடம் இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் ஏதோ வேலையில் மறந்துவிட்டேன். மறந்தது அந்த ஒரு நாள்தான்.

இனி வருவதுதான் அந்த இடம், தம்பி. வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்துக்கொள்.

உனக்குப் பதினெட்டு வயதில் மதராஸில் கப்பல் இன்ஜின் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு குதித்து வந்தாய். நான் "அச்சா, ரொம்ப சந்தோஷம்" என்றேன். பிறகு தொட்டியைப் பார்த்தேன், "நீ போனா இத யாருய்யா பாப்பா? எனக்கு ஆபீசு இருக்கு. உங்க அப்பா உசுரா வச்சிருந்தது" என்றேன். வேறு எதுவும் நான் சொல்லவில்லை. எனக்கு யார் இருக்கிறார்கள், நான் எப்படித் தனியாக இருப்பேன் என்று கேட்டிருந்தால் அது யோக்கியமான பேச்சாக இருந்திருக்கும். மீனைச் சொன்னேன். நீ சும்மா விடவில்லை. உன் அப்பாவோடு கண்காட்சியில் வேலை பார்த்த வேலாயுதம் மதராஸுக்கு மாற்றலாகிப் போவது தெரிந்து, அவரிடம் போய் நின்றாய். மூடி போட்ட பெரிய வாளி, பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார் என்று எல்லாம் தேடிப் பிடித்தாய். அவர் கொண்டுபோய் நல்ல ஆழத்தில் கடலில் விட்டுவிடுவதாக ஏற்பாடு. எனக்கு மறுப்புச் சொல்ல வாயே இல்லாமல் செய்துவிட்டாய்.

அவர் மீனை எடுத்துப் போக வருகிற அன்றைக்கு மத்தியானமே அந்தோணியம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். "இன்னைக்கு வேலை ஒண்ணும் இல்ல, நீ போ" என்றேன். ஏன் அனுப்பினேன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. நாலு மணிக்கு வேலாயுதம் வந்தார். வாசலில் ஸ்கூட்டர் ரிக்ஷா காத்துக்கொண்டிருந்தது. புது ஆளைப் பார்த்த மீன் பொந்துக்குள் போய்விட்டது. நீ தோள் வரைக்கும் கையை விட்டு இழுத்தாய். அது கர் கர் என்று உறுமுவது வெளியே கேட்டது. உன் விரலெல்லாம் பவளக்கல்லில் கீறி ரத்தம், தண்ணீர் ரோஸ் நிறமாயிற்று. கல்லைப் பெயர்க்கலாம் என்றால் அப்பா போட்ட சிமெண்ட். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போய்விடும். அரை மணி நேரம் ஆயிற்று. ரிக்ஷாக்காரன் "ஜல்தி கரோ ஜீ" என்று கத்தினான். வேலாயுதம் என்னைப் பார்த்தார். "ஏதாவது வழி இருக்கா அக்கா? தெனம் பாக்குறவங்க நீங்கதானே?" என்று கேட்டார்.

நான் புடவை முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். "இல்ல தம்பி. அது அப்படித்தான். ஒடைச்சாத்தான் வரும்" என்றேன்.

நீ தண்ணீரிலிருந்து கையை எடுத்தாய். ரத்தத்தைச் சட்டையில் துடைத்தாய். "ரெஹ்னே தோ அங்கிள், விட்டுருங்க. அதுக்கே போக இஷ்டம் இல்ல" என்றாய். குரலில் கோபம்கூட இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாதவள் அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேள். வேலாயுதம் காலி வாளியோடு போனார். மறுநாள் மதராஸுக்கு வரவில்லை என்று நீ எழுதிப் போட்டாய். அன்றைக்கு நான் சேமியா பாயசம் வைத்தேன், தம்பி. உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வைத்ததாகச் சொன்னேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதனால் வைத்தேன். நீ ரெண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "அச்சா ஹை மா" என்றாய்.

மறுவாரம் அந்தோணியம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, "தம்பிட்டச் சொல்லியிருக்கலாம் அக்கா" என்றாள். "ஒன் வேலையப் பாரு" என்றேன். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. ரெண்டு வீடு கூடுதலாகக் கிடைத்தும் நம் வீட்டு வேலையை விடவும் இல்லை. நான் அவளை மரியாதையாக நடத்த ஆரம்பித்தது பயத்தில்தான்.

மீன் அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தது. அது வளர்ந்துவிட்டது, தொட்டி வளரவில்லை. இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடிக்குப் போகும், திரும்பும். எந்த இடத்தில் திரும்பும் என்று எனக்கு மனப்பாடம். நீ கிளார்க் பரீட்சை எழுதி வேலைக்குப் போனாய். காலை எட்டேகால் பஸ், மாலை ஆறு மணிக்கு வாசலில் சைக்கிள் சத்தம். சாயங்காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீ மீனைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் அடுப்படியில் நின்று உங்கள் ரெண்டு பேரையும் பார்ப்பேன். ரெண்டும் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்பதற்கும் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்பதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு என் கண்ணை நானே மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு ஜூன் மாதம். காலையிலிருந்து கரண்ட் இல்லை. மோட்டார் நின்றுவிட்டது, தண்ணீர் வெந்நீராகிக்கொண்டிருந்தது. நீ ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, ஐஸ் கட்டி வாங்கச் சைக்கிளில் ஓடினாய். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மீன் பொந்துக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. தூங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் வாலைத் தொட்டேன். அசையவில்லை. இழுத்தேன், வரவில்லை. செத்தும் பூட்டு விடவில்லை, தம்பி. உயிர் போன பிறகும் அந்தப் பெரிய முள் கல்லில் குத்தியபடி நின்றது. நான் கையை உள்ளே விட்டு அந்தச் சின்ன முள்ளைத் தேடி அழுத்தினேன். வந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து, ஒரு எவர்சில்வர் தட்டில் அதை வைத்துக்கொண்டு, உன் அப்பா செத்ததற்கு அழாத அழுகையை அழுதேன். நீ சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியோடு வந்து நின்றாய். உன் காலடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "எப்பிடி மா வெளிய எடுத்த?" என்று கேட்டாய். "செத்ததும் தானா விட்டுருச்சுய்யா" என்றேன். நீ நம்பினாய். நான் சொன்ன எதைத்தான் நீ நம்பாமல் இருந்திருக்கிறாய்?

அந்தப் பொய்தான் என்னை இத்தனை நாள் அரித்தது. ஏனென்றால் நீ அதை நம்பி நடக்கிறாய். போன மாதம் அந்தப் படிவத்தை என் முன்னால் வைத்து, "இங்க சைன் பண்ணு மா, நீ இருக்கிற வரைக்கும் நான் எங்கயும் போகல" என்றாயே, அதற்கு வேறு என்ன அர்த்தம்? நான் செத்தால் தானாக விட்டுவிடும் என்று காத்திருக்கப் போகிறாய். அப்போது உனக்கு நாற்பது வயதாகியிருக்கும். அதற்குள் உனக்கும் ஒரு பயம் வந்துவிடும், என்னுடையதைவிடப் பெரிதாக. நீ பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினாய். உன் விரலில் அந்தப் பவளக்கல் கீறிய கோடுகள் வெள்ளையாகத் தெரிந்தன. என்னால் பேனாவை வாங்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். கண்ணாடி என் தலையிலேயே இருந்தது. நீ சிரித்தாய்.

உனக்கு நாளைக்கு ஒரு பெண்டாட்டி வருவாள், பிள்ளைகள் வரும். அவர்களில் யாராவது பயந்து ஒரு மூலையில் போய்ப் பூட்டிக்கொண்டால் வாலைப் பிடித்து இழுக்காதே. உட்கார்ந்து எதற்குப் பயம் என்று தடவிப் பார். உனக்கே பயம் வந்தால் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வாயைத் திறந்து சொல். என்னை மாதிரி மீன் மேல் பழியைப் போடாதே. புத்திமதி இவ்வளவுதான். இதற்கு மேல் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

இப்போது மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்று உன்னிடம், "கையெழுத்துப் போட்டுட்டேன். நாளைக்கு நானே ஆபீசுல கொண்டு குடுத்துருதேன். வேலை குடுத்தவுகட்ட நேர்ல போயி வேண்டாம்னு சொல்லிட்டு வா, அதான் மரியாதை" என்றேன் அல்லவா? அதுவும் பொய். நான் கையெழுத்துப் போடவில்லை. படிவம் இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது, திருப்பிப் பார். நாளை காலை நீ ஏதோ ஒரு ஸ்டேஷனில் மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, குவார்ட்டர்ஸ் இன்க்வயரி ஆபீசிலிருந்து ஆள் வருவான். மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வான். பழைய பேப்பர் அடைத்து வைத்திருக்கிற தொட்டியையும் காலி செய்ய வேண்டுமாம். அந்தோணியம்மாள் புருஷனின் சுத்தியலைக் கொண்டுவருகிறாள். உன் அப்பா ஒட்டின கல்லை நாங்கள் ரெண்டு பேரும் உடைத்துக்கொள்வோம், கண்ணாடி போனால் போகட்டும். என்னோடு வேலை பார்த்து ரிட்டயரான பஞ்சாபி அம்மாள் ஒருத்தி ஜனக்புரியில் மொட்டை மாடி அறை ஒன்று தருகிறாள். ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது. இரண்டாவது கட்டிலுக்கு இடம் இல்லை, நானே முழம் போட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதோ, சொல்லிவிட்டேன்.

கோபம் வந்தால் கத்து. பெட்டியில் இருக்கிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். என்னைத் திட்டித் தமிழில் ஒரு கடிதம் எழுது, எத்தனை பிழை இருந்தாலும் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொள்கிறேன். ஆனால் திரும்பி வராதே. இங்கே உனக்கு வீடு இல்லை. கொச்சியில் இறங்கு, முகத்தைக் கழுவு, வேண்டாம் என்று சொல்லப் போன இடத்தில் சரி என்று சொல்.

அம்மா